வீட்டுச் செலவில் ஓர் ஆள்

பாட்டில் தொழிற்சாலையில் இரண்டு உலைகளில் ஒன்றை அணைத்துவிட்டார்கள். வாரத்துக்கு ஆறு நாள் இருந்த வேலை நாலு நாளாகச் சுருங்கியது. சம்பளமும் கூடவே சுருங்கியது. உலையில் வேலை பார்த்த தம்பி அந்தச் செய்தியை வீட்டில் சொல்ல மூன்று நாள் எடுத்துக்கொண்டான். சொன்னபோதும் சட்டையைக் கழற்றிக்கொண்டே, சுவரைப் பார்த்துச் சொன்னான்.

தம்பி என்பது அவனுடைய அக்காவை வைத்துச் சொல்வது. அந்த வீட்டில் நாலு பேர்: அவன், அவன் மனைவி, பத்து வயது மகள், பிறகு அக்கா. மகள் அத்தை என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, மாடிப்படியில் ஏறி இறங்குகிற எல்லோருக்குமே அவள் அத்தையாகிவிட்டாள். கல்யாணமான நாலாம் வருடமே கணவனை இழந்தவள். முப்பது வருடம் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து, முழங்கால் ஒத்துழைக்காமல் நின்றுவிட்டாள். தம்பி தொழில் படித்ததே அந்தச் சமையலறைச் சம்பளத்தில்தான். அதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

செய்தியைக் கேட்டுத் தம்பி மனைவி அழுதாள். அத்தை அழவில்லை. மறுநாள் காலை சமையலறை அலமாரியில் இருந்த எல்லாவற்றையும் இறக்கித் தரையில் பரப்பினாள். மூன்று பாக்கெட் உப்பு, அரைகுறையாகத் திறந்துவைத்த நாலு பருப்புப் பாக்கெட், எப்போது வாங்கியது என்று யாருக்கும் நினைவில்லாத ஒரு பாட்டில் சாஸ்.

"இருக்கறது தெரியாமலே வாங்கியிருக்கோம்," என்றாள். "இனிமே இருக்கறத முடிச்சுட்டுத்தான் கடைக்குப் போறது."

அன்றிலிருந்து வீட்டு நிர்வாகம் அவள் கைக்கு வந்தது. முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைத்த கைக்கு நாலு பேர் எம்மாத்திரம்? பருப்பை முன்கூட்டியே ஊறப்போட்டால் பாதி எரிவாயு போதும் என்றாள். காய் முக்கால் வெந்ததும் அடுப்பை அணைத்து மூடிவைப்பாள். மீதியைச் சூடே பார்த்துக்கொள்ளும். சந்தைக்குக் காலையில் போகாமல், கடைக்காரர்கள் கூடையைக் கவிழ்க்கிற மாலை நேரத்தில் போவாள். அடிபட்ட தக்காளியைப் பாதி விலைக்குக் கேட்டு, கால் விலைக்கு வாங்கி வருவாள். துணி அலசிய தண்ணீர் கழிப்பறைக்குப் போனது. தீர்ந்துபோன பற்பசைக் குழாயைக் கத்தரியால் வெட்டித் திறந்து, இன்னும் நாலு நாளைக்கு வரும் என்று காட்டினாள். தம்பியின் சட்டைக் காலர் நைந்தபோது அதைப் பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் தைத்தாள். பொழுது சாய்ந்தால் எல்லோரும் ஒரே அறையில், ஒரே விளக்கின் கீழ்.

டிவியில் பணம் கட்டிப் பார்க்கிற சேனல்களை நிறுத்தியதற்கு மட்டும் மகள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளே அத்தைக்கு நிதியமைச்சர் என்று பேர் வைத்தாள். மின்விசிறியைப் போடும் முன் அமைச்சரின் அனுமதி உண்டா என்று கேட்பாள். மனு எழுதிக் கொடு, பரிசீலிக்கிறேன் என்பாள் அத்தை.

தம்பி மனைவிக்கும் அத்தைக்கும் நெருக்கம் வந்ததே அந்த மாதங்களில்தான். அதுவரை இருவரும் மரியாதையோடு ஒதுங்கியே இருந்தவர்கள். இப்போது தரையில் எதிரெதிரே உட்கார்ந்து, வாடிய கீரையில் நல்லதைப் பொறுக்கிக்கொண்டே ஏதாவது பேசிச் சிரித்தார்கள். தம்பி மனைவி தினமும் காலையில் மூன்று மணி நேரம் ஒரு சலவைக் கடையில் துணி மடிக்கப் போவாள். அண்ணி மட்டும் இல்லையென்றால் திண்டாடித் தெருவில் நின்றிருப்போம் என்று அங்கே எல்லோரிடமும் சொன்னாள்.

அப்படியும் மாதக் கடைசி கையைக் கடித்தது. ஐந்தாம் மாதம் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றப்போவதாகச் சொல்லி அனுப்பினார். வீட்டுக்குள் குறைக்க இனி எதுவும் இல்லை. வீட்டைத்தான் குறைக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியும் மனைவியும் மகளைக் கூட்டிக்கொண்டு போய் வேறு வீடு பார்த்துவிட்டு வந்தார்கள். ஒரே அறை, அதையொட்டிச் சின்னச் சமையலறை. வாடகை இப்போது கொடுப்பதில் பாதி. சுத்தமாக இருக்கிறது, தண்ணீர் நன்றாக வருகிறது என்று தம்பி சொன்னான். அகலம் எவ்வளவு என்று அத்தை கேட்டாள். அவன் பதில் சொல்வதற்குள் மகள் நோட்டைத் திறந்து படம் போட ஆரம்பித்துவிட்டாள்.

அறையைப் போட்டாள். கதவையும் ஜன்னலையும் போட்டாள். பீரோவைப் போட்டாள். பிறகு நாலு பேர் படுக்கிற இடத்தை நாலு கட்டமாகப் போடப் பார்த்தாள். மூன்று கட்டம்தான் கொள்ளும்போல் இருந்தது. நாலாவதை இரண்டு தரம் அழித்துப் போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் சமையலறைக்குள் போட்டாள்.

"அத்தை இங்க. தலை மட்டும் அடுப்புப் பக்கம் வரும்."

"குளிருக்கு நல்லதுதானே," என்று அத்தை சிரித்தாள். தம்பி எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான். அவன் மனைவி நோட்டை எடுத்து மூடிவைத்தாள். அத்தை எங்கே படுப்பாள் என்று வரும் வழியெல்லாம் இருவருமே யோசித்திருந்தார்கள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

மூன்று நாள் கழித்து, சாப்பிடும்போது அத்தை விஷயத்தைச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்த்தவள் மூலம் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் இடம் கிடைத்திருக்கிறது. இங்கிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம். தங்க இடம், சாப்பாடு எல்லாம் அங்கேயே. முழங்கால் என்னாவது என்று தம்பி கேட்டதற்கு, உட்கார்ந்து காய் நறுக்குகிற வேலைதான் என்றாள்.

"எதுக்குக்கா இதெல்லாம்?" என்றான் அவன்.

"சும்மா உக்காந்திருந்தா உடம்பு கெட்டுப்போகுதுடா."

அதற்குப் பிறகு அவன் எதுவும் சொல்லவில்லை. அவன் மனைவி அந்த ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தாள். சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை அத்தை ஒரு பையோடு பஸ் ஏறினாள். மகள் மட்டும் அழுது அடம்பிடித்து, பஸ் படியில் ஏறி நின்றுகொண்டாள். அவளை இறக்குவதற்குள் நடத்துநர் பொறுமை இழந்துவிட்டார். தம்பி ஜன்னல் வழியாக வழிச்செலவுக்குப் பணம் நீட்டினான். அத்தை அதை வாங்கி, எண்ணாமலே குழந்தையின் கையில் வைத்து மூடினாள்.

புது வீட்டுக்குப் போன முதல் மாதமே துண்டு விழவில்லை. கையில் கொஞ்சம் மிஞ்சக்கூடச் செய்தது. தம்பி மனைவி மகளுக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கினாள். அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவள் சாதத்தைப் பாதியிலேயே ஒதுக்கிவைத்தாள். மூச்சு விட முடிகிறதே என்று மனம் லேசாகியிருந்தது. அது லேசானதைத்தான் அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கணவனிடம் சொல்லலாமா என்று பார்த்தாள். அவனும் தட்டைப் பார்த்துக் குனிந்திருந்தான்.

இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் போய்ப் பார்த்தார்கள். பிறகு போனில் அத்தையே தடுத்துவிட்டாள். மூணு பேர் பஸ்ஸுக்குக் கொடுக்கிற காசு ஒரு வாரக் காய்கறிக்கு ஆகுமே, எதற்கு வீணாக என்றாள். அது நியாயமாகத்தான் பட்டது. நியாயமாகப் பட்டது அவர்களுக்கு வசதியாகவும் இருந்தது. பிறகு போன் மட்டும்தான்.

ஒன்றரை வருடம் கழித்துத் தொழிற்சாலையில் இரண்டாம் உலையை மறுபடி பற்றவைத்தார்கள். பழையபடி ஆறு நாள் வேலை. தம்பி முதல் வேலையாக இரண்டு அறை உள்ள வீடாகப் பார்த்துக் குடிபோனான். ஜன்னல் வைத்த அறை அக்காவுக்கு என்று சொல்லி, ஒரு கட்டில் வாங்கிப் போட்டான். போனில் சொல்லாமல் நேரில் போய்க் கூட்டிவர வேண்டும் என்று மூவரும் கிளம்பினார்கள்.

முதியோர் இல்லத்தின் பின்பக்கம் சமையலறை. அத்தை உட்கார்ந்து காய் நறுக்கவில்லை. முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு, இடுப்பளவு பாத்திரத்தில் துடுப்பு போட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். யாரோ வந்து நிற்கிறார்கள் என்று தெரிந்தும், கண்ணைச் சுருக்கி, அருகில் வந்த பிறகுதான் அடையாளம் கண்டாள். மகளைக் கட்டிக்கொண்டு, வளர்ந்துவிட்டாயே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

தம்பி விஷயத்தைச் சொன்னான். அறை, ஜன்னல், கட்டில் எல்லாவற்றையும் சொன்னான். அத்தை சந்தோஷமாகத்தான் கேட்டாள். கேட்டு முடித்ததும், பிள்ளை படிக்கத் தனி இடம் வந்ததே, அது போதும் என்றாள். தான் வரவில்லை. இங்கே பழகிவிட்டது, இவர்களுக்கும் தன் சமையல் பழகிவிட்டது.

தம்பி மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தப்பு செய்துவிட்டோம் அண்ணி என்று அழுதாள். அத்தை அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். மறுத்துப் பேசவில்லை.

"அக்கா, அன்னைக்கு நான் போகாதேன்னு சொல்லியிருந்தா இருந்திருப்பியா?" என்று தம்பி கேட்டான்.

"இருந்திருப்பேன்," என்றாள் அத்தை. "உன்னால சொல்ல முடியாதுன்னும் தெரியும்டா. அதனாலதான் உனக்கு யோசிக்க நேரம் குடுக்காம கெளம்பினேன்," என்றாள்.

அதற்குள் அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. அவள் நொண்டிக்கொண்டே அடுப்புக்கு ஓடினாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், அத்தை ஏன் வரவில்லை என்று மகள் கேட்டாள். அத்தைக்கு அங்கே வேலை இருக்கிறது என்று தம்பி சொல்ல ஆரம்பித்தான். அவன் மனைவி குறுக்கிட்டாள்.

"நாமதான் அனுப்பிட்டோம்மா," என்றாள். "அத்தை தானாப் போகல."

மகள் வீடு வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள்.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு தவறாமல் மூவரும் போகிறார்கள். அத்தை கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, பஸ் காசை இப்படி வாரி இறைப்பீர்களா என்று திட்டுகிறாள். மரத்தடி பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுகிறாள். உள்ளேயிருந்து யாராவது கூப்பிட்டால், இதோ வந்துட்டேன் என்று எழுந்து போய்விடுகிறாள்.