அரைக்கரண்டியம்மாள் அளந்த மருந்து

யார் எந்த அளவைச் சொன்னாலும் அதில் பாதியைத்தான் முதலில் போடுவது என்பது அந்தத் தலைமைச் சமையற்காரியின் மாறாத வழக்கம். தொழிற்சாலைக் கேன்டீனின் பெரிய பாத்திரத்தருகே நிற்கும் உதவிக்காரி, "அக்கா, உப்பு ரெண்டு கரண்டி" என்றால் அவள் ஒரு கரண்டி போடுவாள். ஒரு கரண்டி என்றால் அரைக்கரண்டி. பிறகு உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சுவைத்துப் பார்த்து, கண்ணை மூடி யோசித்து, வேண்டுமானால் இன்னும் ஒரு சிட்டிகை.

"போடாத உப்பை எப்ப வேணும்னாலும் போட்டுக்கலாம். போட்ட உப்பை எந்த மகராசன் வந்து பொறுக்குவான்?" என்பாள்.

இதனால் அவளுக்கு அரைக்கரண்டியம்மாள் என்று பெயர் விழுந்தது. பெயர் வைத்தவர்களே சாப்பாட்டு வரிசையில் முதல் ஆளாக நின்றதால், அவளும் அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டாள்.

அவள் கணவர் டைல்ஸ் பதிப்பவர். ஊரார் வீட்டுத் தரையில் மண்டியிட்டே பாதி ஆயுளைக் கழித்தவர். பதித்த கல்லை ரப்பர்ச் சுத்தியலின் பிடியால் தட்டிப் பார்த்து, "இங்க கலவை ரொம்பலை, உள்ள காலி" என்று சொல்லிவிடுவார். பெயர்த்துப் பார்த்தால் காலியாகத்தான் இருக்கும். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அவர் முதுகு மட்டும் ஒருநாள் தன்னைத் தெரியப்படுத்திக்கொண்டது. முதுகெலும்பின் இரு கண்ணிகளுக்கு நடுவே இருந்த வட்டு பிதுங்கி நரம்பை நெரிக்க, இடுப்பில் தொடங்கிய வலி கால் கட்டைவிரல் வரை மின்சாரமாய் ஓடியது.

நரம்பு மருத்துவர் ஒரு கேப்சூலை எழுதிக் கொடுத்தார். எழுதும்போதே சொன்னார்: "இது சாதாரண வலி மாத்திரை இல்லைங்க. ஆரம்பத்துல தூக்கம் வரும், தலை சுத்தும், வாய் உலரும். கொஞ்சநாள்ல உடம்பு பழகிக்கும். பழகலைன்னா எங்கிட்ட வாங்க, நான் மாத்தித் தர்றேன். நீங்களா கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, திடீர்னு நிறுத்தவும் கூடாது."

"இவ இருக்காளே டாக்டரம்மா, மாத்திரையை இவதான் எடுத்து வைப்பா. அளவுல எங்க வீட்டம்மாவை மிஞ்ச ஆள் இல்லை" என்றார் கணவர் பெருமையாக.

அந்தப் பெருமைதான் வினையாயிற்று.

முதல் வாரம் வீடு வீடாக இல்லை. வாய் ஓயாமல் பேசும் மனிதர் தட்டில் கையை வைத்தபடியே தூங்கினார். கணுக்கால்கள் வீங்கின. எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு மாலை, அலமாரியைக் காட்டி, "அதை எடும்மா... அது... தரை சமமா இருக்கான்னு பார்ப்போமே, உள்ள குமிழி ஓடுமே, அது..." என்று தவித்தார்.

"ரசமட்டமா?"

"ஆங், ரசமட்டம்" என்றவர், தன் கையாய் இருந்த கருவியின் பெயரை இன்னொருவர் எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்றே என்று வெட்கப்பட்டுச் சிரித்தார். இவர் என்னைவிட்டு எங்கோ போய்க்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது.

மருத்துவரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற பழமொழியை அவள் துணைக்கு அழைத்தாள். அந்தப் பழமொழி மிஞ்சுவதைப் பற்றித்தான் பேசுகிறது, குறைவதைப் பற்றி வாய் திறக்கவில்லை என்பதை அவள் கவனிக்கவில்லை. அட்டையிலிருந்து கேப்சூலைப் பிதுக்கி, மெல்லத் திருகித் திறந்து, வெள்ளைத் தூளில் பாதியைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினாள். கூட்டை மறுபடி பொருத்தி, மூடி போட்ட சின்ன டப்பாவில் வைத்தாள். சமையற்காரியின் விரல்கள், ஒரு துகளும் சிந்தவில்லை.

கழுதையின் மேல் இரக்கப்பட்ட ஒருவன், அதன் முதுகில் இருபுறமும் தொங்கிய பொதிகளில் வலப்பக்கத்து மூட்டையை மட்டும் இறக்கி வைத்தானாம். மறு அடியில் கழுதை இடப்பக்கம் சாய்ந்து பள்ளத்தில் விழுந்தது. "பாரம் குறைத்தும் விழுகிறதே, என்ன நன்றிகெட்ட பிராணி!" என்றானாம் அவன். இரக்கம் நல்லதுதான், ஆனால் பொதி கட்டியவனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கணவருக்குத் தெளிவு திரும்பியது. பக்கத்து வீட்டு நாய்க்கு எடை கூடிவிட்டது என்பதுவரை கதை பேசினார். வலியும் திரும்பியது. நாற்காலியிலிருந்து எழும்போதெல்லாம் பல்லைக் கடித்தார். மருத்துவர் வியந்து, கூடுதல் வீரியமுள்ள கேப்சூலை எழுதினார். அவள் அதையும் பாதியாக்கினாள். பேசுகிறாரே, அது போதும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

ஒருநாள் கணவர் டப்பாவிலிருந்த கேப்சூலைக் காதருகே வைத்து ஆட்டினார். நெற்றியைச் சுருக்கினார். மறுபடி ஆட்டினார். அப்படியே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தெருமுனை மருந்துக்கடைக்கு நொண்டி நொண்டிப் போனார். அவளும் பின்னாலேயே ஓடினாள்.

மாலை நேரம், கடையில் கூட்டம். கணவர் எல்லோர் முன்னிலையிலும் கேப்சூலைத் திறந்து கண்ணாடி மேசைமேல் கொட்டினார். "எல்லாரும் பாருங்க! பாதிக்கூடுதான் மருந்து. ஆட்டினாலே காலிச் சத்தம் கேக்குது. கல்லுக்கடியில காலியைக் கண்டுபிடிக்கிறவன்யா நான்! எங்கிட்டயேவா?"

கடைக்காரர் இளைஞர். அவர் முகம் வெளிறிப்போனது. "அண்ணே, சத்தியமாச் சொல்றேன், கம்பெனி அட்டையில வர்றதை அப்படியே குடுக்கறேன். இதோ, உங்க கண்ணு முன்னாடியே புதுசு ஒண்ணைப் பிரிக்கறேன்."

"கண்ணு முன்னாடி பிரிக்கறது ரொம்பித்தாம்பா இருக்கும். கைக்கு வர்றதுதானே காலி!"

கூட்டத்தில் ஒரு பெரியவர், "அதான் எனக்கு சர்க்கரை இறங்க மாட்டேங்குது" என்றார். இன்னொரு பெண் வாங்கிய மருந்தைத் திருப்பி வைத்தாள். கடைக்காரர் அரைக்கரண்டியம்மாளைப் பார்த்தார். "அக்கா, நீங்களாவது சொல்லுங்கக்கா. எத்தனை வருஷமா வர்றீங்க!"

அவள் திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல நின்றாள். வாயே திறக்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் ஆயிற்று.

அதன்பின் கணவர் தொலைவிலிருந்த வேறொரு கடையில் வாங்கினார். இனி தன் கண்ணால் பார்த்தே போடுவது என்று, டப்பாவில் எடுத்து வைக்க விடாமல், அட்டையிலிருந்து தானே பிதுக்கிப் போட்டுக்கொண்டார். அவள் எதையும் தொடவில்லை, தொடப் பயம். பாதியிலேயே பழகியிருந்த உடம்பு, வீரியம் கூடிய முழு மருந்தை ஒரே தாவலில் தாங்கவில்லை. காலையில் குளியலறையிலிருந்து வெளியே வந்தவர், தாமே பதித்த வழவழப்பான தரையில் தலைசுற்றி விழுந்தார். புருவத்தில் தையல் போட வேண்டியிருந்தது.

கட்டுப்போட்ட தலையோடு மருத்துவர் முன் அமர்ந்து, "இது அசல் மருந்து டாக்டரம்மா. அதான் ஆளையே தூக்கிப் போடுது. அவன் குடுத்ததெல்லாம் போலி" என்றார்.

மருத்துவரின் முகம் இறுகியது. "பாதி காலியா இருந்ததா? நீங்களே பார்த்தீங்களா? இதைச் சும்மா விடக்கூடாதுங்க. மருந்து ஆய்வாளருக்கு இப்பவே எழுதறேன். கடையை மூடிச் சோதனை போடட்டும்." பேனாவைத் திறந்தார்.

அரைக்கரண்டியம்மாள் அந்தப் பேனாவின் முனையைப் பார்த்தாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுதாதீங்க டாக்டரம்மா. காலி பண்ணினது நான்."

அவள் தொட்டியில் கொட்டியதைச் சொன்னாள். மருத்துவர் பேனாவை மூடி வைத்தார், திட்டவில்லை. "அம்மா, அவர் வார்த்தை தேடினாருன்னு முதல் வாரமே எங்கிட்ட சொல்லியிருந்தா நானே குறைச்சிருப்பேன். பெரும்பகுதியை ராத்திரிக்கு மாத்தியிருப்பேன். நான் பாதி அளவைப் பார்த்துட்டு, முழு அளவு போதலைன்னு இல்ல நினைச்சேன்!" என்றார். சிறிய அளவிலிருந்து மறுபடி தொடங்கிப் படிப்படியாக ஏற்றும் விதத்தை இருவருக்கும் விளக்கினார். தூக்கமோ வீக்கமோ மிகுந்தால் உடனே வந்து சொல்ல வேண்டும் என்று இருவரிடமும் வாக்கு வாங்கிக்கொண்டார்.

வெளியே பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்ததும் கணவர் அவள் பக்கம் திரும்பினார்.

"வலியில கத்தினேனே. கேட்டுட்டுத்தானே இருந்தே?"

"கேட்டேங்க. ஆனா கத்துற மனுஷன் எங்கூட இருந்தாரு. தூங்குற மனுஷன் எங்கயோ இருந்தாரு. எனக்குப் பயமா இருந்துச்சு."

அவர் புருவத்துக் கட்டைத் தடவினார். கோபம் வந்தது, அவள் விரல்கள் முந்தானையைக் கசக்குவதைப் பார்த்ததும் அது பாதியில் நின்றது. "காலின்னு சரியாத்தான் கண்டுபிடிச்சேன்," என்றார் மெதுவாக. "எந்த வீட்டுத் தரையில காலின்னுதான் தப்பாச் சொல்லிட்டேன். அந்தப் பையன் கடைப்பக்கம் இப்ப ஈ, காக்கா இல்லை. எத்தனை பேர் முன்னாடி கத்தினேனோ, அத்தனை பேர் முன்னாடி போய் நிக்கணும்."

"நிக்க வேண்டியவ நானுங்க."

தொழிற்சாலை வேலை முடிந்து தொழிலாளர்கள் தெருவில் திரளும் நேரமாகப் பார்த்து அவள் போனாள். வழியில் சர்க்கரைக்காரப் பெரியவரையும், மருந்தைத் திருப்பி வைத்த பெண்ணையும் வீட்டு வாசலிலேயே நின்று கையோடு அழைத்துக்கொண்டாள். உடன் வந்தவர்களைக் கண்டு வேலையாட்கள் சிலரும் வேடிக்கை பார்க்க நின்றனர். கணவர் ஊன்றுகோலுடன் பக்கத்தில் நின்றார்.

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, மறுபடி சண்டைக்கு வந்துவிட்டார்கள் என்று நினைத்தோ என்னவோ, மேசையைவிட்டு ஒரு அடி பின்வாங்கினார்.

"தம்பி, உங்க மருந்துல ஒரு குறையும் இல்லை," என்றாள் அவள், சமையற்கூடத்தில் கடைசி ஆள் வரை கேட்கும் அதே குரலில். "இவர் பிரிச்சுக் காட்டின கேப்சூல்ல பாதியை நான்தான் கொட்டினேன்."

கூட்டம் சலசலத்தது. "அரைக்கரண்டி மருந்துலயும் கையை வெச்சிடுச்சா!" என்றது ஒரு குரல். கணவர் தலைகுனிந்து, "நானும் தப்பாப் பேசிட்டேன் தம்பி" என்றார்.

கடைக்காரரின் கண்கள் கலங்கின. அவளை அவ்வளவு பேர் நடுவில் நிறுத்தி வைக்க அவருக்கு மனம் வரவில்லை. "சரிக்கா, போதும். புரிஞ்சிடுச்சு. விடுங்க" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள்.

"இல்லை தம்பி. பாதியோட நிறுத்தினதாலதான் இவ்வளவும். முழுசாக் கேளுங்க" என்றவள், கூட்டத்தின் பக்கம் திரும்பி, அன்று கடைக்காரர் "நீங்களாவது சொல்லுங்க" என்று தன்னிடம் கேட்டபோது வாய் திறக்காமல் நின்றதிலிருந்து தொடங்கினாள்.