கண் திறந்த படம்

கிருஷ்ணகுமாரிக்குக் கல்யாணமாகி இருபத்து நான்கு வருஷம். இத்தனை வருஷத்தில் எடுத்த எந்தப் படத்திலும் அவள் கண் திறந்திருக்கவில்லை. பிளாஷ் அடிக்கிற நேரம் பார்த்து இமை தானாக மூடிக்கொள்ளும். கல்யாண ஆல்பத்தில் தாலி ஏறும்போதுகூடத் தூங்குகிறவள் மாதிரித்தான் நிற்கிறாள். மாப்பிள்ளையைப் பார்க்கப் பிடிக்காமல் கண்ணை மூடிக்கொண்டாள் என்று லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் இன்றைக்கும் கிண்டலடிப்பார்கள். புருஷன் தொழிலே படம் பிடிப்பதுதான் என்பதால் கிண்டலுக்கு ருசி கூடிவிட்டது.

ஸ்ரீதரன் நிவித்திகல பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கல்யாணம், சடங்கு, சாவு என்று ஒன்று விடாமல் எடுப்பவர். பிழைப்புக்கு டிஜிட்டல் கமரா; ஃபோகஸை அதுவே பார்த்துக்கொள்ளும். ஆசைக்கு ஒரு பழைய ரேஞ்ச்ஃபைண்டர் பிலிம் கமரா வைத்திருந்தார். தோட்டத்தை விட்டுப் போன துரை ஒருவர் கொடுத்தது. அதற்குள் பார்த்தால் நடுவில் ஒரு சின்னக் கட்டத்தில் ஒரே ஆள் இரண்டாகத் தெரிவார். லென்ஸ் வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால்தான் படம் தெளிவாக விழும்.

"இருவத்தஞ்சாவது வருசத்துக்கு ஒன்ன இதுல எடுக்கப் போறேன் குமாரி. பிளாஷ் கெடையாது."

"ஏங்க, போன்ல எடுத்தா ஆகாதா?"

இப்படிக் கேட்டதற்கு இரண்டு நாள் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

லயத்துக் காம்பராவில் வெளிச்சம் என்பது கதவு வழியாக வந்தால் உண்டு. கமராவோடு வந்த லென்ஸ் அதற்குப் போதாது. வாய் அகன்ற ஐம்பது மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்று வேண்டும் என்றார். "அதுல எடுத்தா ஒன் கண்ணு மட்டும் கூர்மையா நிக்கும். பின்னால கரி புடிச்ச செவரெல்லாம் கரைஞ்சு போயிரும்." அந்தப் பேச்சில் அவள் விழுந்துவிட்டாள். அந்தச் சுவரோடுதான் அவளும் வாழ்ந்துகொண்டிருந்தாள்.

எல்லோரும் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் முக்தார் இரத்தினபுரியில் கமராக் கடை வைத்திருப்பவர், பழைய லென்ஸ்களைத் தேடிப் பிடிப்பதில் கெட்டிக்காரர். எடுத்துப் பார்த்துவிட்டு மனசுக்குச் சரியென்றால் வைத்துக்கொள்ளுங்கள் என்று தை மாதம் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். வாய் அளவு ஒன்று புள்ளி நான்கு; எண் குறையக் குறைய வாய் அகலம். ஸ்ரீதரன் ஒரு பிலிம் முழுக்க அவளையே எடுத்தார். கொழும்பில் கழுவி வந்த படங்களில் அவள் காதுத் தோடு பளிச்சென்று இருந்தது. கண் கலங்கிக் கிடந்தது. "இந்த லென்ஸு பின்னால இழுக்குது" என்று திருப்பிக் கொடுத்தார். அடுத்தது ஒன்று புள்ளி ஐந்து. அதில் மூக்கு நுனி மட்டும் தெளிவு. "இது முன்னால குத்துது." மூன்றாவது ஒன்று புள்ளி இரண்டு, ஜாம் போத்தல் மூடி அகலம். அதில் எதுவுமே தெளிவில்லை. அவர் அதைக் கெட்ட வார்த்தையில் திட்டினார்.

இப்படியே ஆடி வந்துவிட்டது. கிருஷ்ணகுமாரிக்கு உள்ளுக்குள் பெருமைதான். தன் கண்ணுக்காக ஒரு மனுஷன் இவ்வளவு மெனக்கெடுகிறானே என்று கொழுந்து எடுக்கும்போது தனியாகச் சிரித்துக்கொள்வாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது அவளுக்குத் தன்னையே அறைந்துகொள்ளத் தோன்றும்.

மூன்றாவது லென்ஸைத் திருப்பிக் கொடுக்க அவள்தான் போனாள். அவருக்கு அன்றைக்குக் குருவிட்டவில் ஒரு கல்யாணம். முக்தார் லென்ஸை வாங்கி மேசைமேல் வைத்தார். உள்ளே போய் மூன்று படங்களை எடுத்து வந்து பரப்பினார். எதிர்க்கடைப் பெயர்ப்பலகை. மூன்றிலும் எழுத்துகள் வெட்டி ஒட்டியது போல நின்றன.

"மூணு லென்ஸையும் குடுக்க முந்தி நானே எடுத்துப் பார்த்த, தங்கச்சி. லென்ஸெல்லாம் நல்லாத்தான் ஈக்கிது."

"அப்ப கமராவுல பிழையா, முக்தார் நானா?"

"லென்ஸ் மாட்டிப் பார்க்க அவர் கொண்டுவந்த கமராவுலதான் இதையும் எடுத்த." முக்தார் படங்களை ஒன்றாக அடுக்கினார். "அவர ஒருக்கா கண் டொக்டர்ட்ட காட்டுங்க."

அவர் தேத்தண்ணீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றியது, பஸ் போர்டை அவளைப் படிக்கச் சொன்னது, கதவு நிலை வளைந்திருக்கிறது என்று தச்சனைக் கூப்பிட்டது எல்லாம் வரிசையாக அவளுக்கு நினைவுக்கு வந்தன. எல்லாவற்றையும் அவள் பார்த்திருந்தாள். அவருக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இருப்பதும் தெரியும். ஆனாலும் ஒன்றை இன்னொன்றோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். சீனி கண்ணின் உள்திரையைத் தின்றுவிட்டது. ஐந்தாறு மாதம் முந்தி வந்திருந்தால் பெரும்பகுதியைக் காப்பாற்றியிருக்கலாம். இனி ஊசி போட்டாலும் நடுப்பார்வை நிற்காது. ஒரு சொல் விடாமல் அவளுக்கு விளங்கியது. இந்தப் பாஷையை ஏன்தான் படித்தேனோ என்று அன்றைக்கு நினைத்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பாதி வழியில் அவர் கேட்டார்.

"மூணுல எது நல்லதுன்னு முக்தார் நானா சொன்னாரு?"

"மூணுமே நல்லதுதானாங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு லென்ஸைப் பற்றிக் குறை சொல்லவில்லை.

படத்தை எடுத்தே தீருவது என்று பிடிவாதம் பிடித்தவள் அவள்தான். மொதல்ல வந்த லென்ஸே போதும் என்று அவர் சொல்ல, அதையே போய் வாங்கி வந்தாள். கமராக் கட்டத்துக்குள் தெரியும் இரண்டு ஆளும் அவர் கண்ணுக்கு இனி ஒன்று சேரப் போவதில்லை. அதனால் கொழுந்து எடுக்கையில் செடியின் மட்டம் பார்க்க மேலே போடும் மட்டக்கம்பைக் கொண்டுவந்தாள். அதன் நீளத்தை முக்தார் அளந்து, லென்ஸ் வளையத்தில் அந்தத் தூரத்துக்கு ஒரு வெள்ளைப் புள்ளி வைத்துக் கொடுத்திருந்தார். வளையத்தை அவளே புள்ளிக்குத் திருப்பினாள். கம்பின் ஒரு முனையைக் கமராவிலும் மறுமுனையைத் தன் கன்னத்தின் மேலும் வைத்தாள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு கம்பை மட்டும் எடுத்துவிட்டாள்.

"அசையாத குமாரி."

"நான் அசையல. நீங்களும் அசையாதீங்க."

இருபது தடவை அப்படி எடுத்தார்கள்.

படம் வர ஒரு மாதம் ஆனது. அதற்குள் அவருக்கு மற்றக் கண்ணிலும் நடுப்பகுதி போய்விட்டது. ஓரத்தில் ஏதோ நிழலாட்டம் தெரியும், அவ்வளவுதான். கவருக்குள் பத்தொன்பது படங்கள் கலங்கியிருந்தன. ஒன்று மட்டும் சரியாக விழுந்திருந்தது. இமை மயிர் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணலாம் போல இருந்தது. பின்னால் சுவர் இருந்த இடமே தெரியவில்லை. கீழ் இமையில் தண்ணீர் நின்றது. தன் கண் இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. இதைப் பார்க்க வேண்டியவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அவர் படத்தை வாங்கிக் கதவுப் பக்கம் பிடித்தார். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு விரலால் தடவினார்.

"எல்லா எடமும் ஒரே வழவழப்பா இருக்கே. கண்ணு தொறந்திருக்கியா?"

"தொறந்துதாங்க இருக்கேன்."

"எங்க பாக்குற?"

"ஒங்களத்தாங்க பாத்துக்கிட்டு இருக்கேன்."

குரல் வந்த பக்கம் அவர் முகத்தைத் திருப்பினார். அவளுக்கு ஒரு சாண் தள்ளி, வெறும் இடத்தைப் பார்த்துச் சிரித்தார்.

கிருஷ்ணகுமாரி தன் முகத்தை அந்த இடத்துக்கு நகர்த்தி வைத்துக்கொண்டாள்.