சம்பந்தியம்மாவுக்கு இரண்டு வாக்கியங்கள்

மருமகளுக்குச் சொந்த ஊர் இந்தோனேசியா. மகன் கப்பல் வேலைக்குப் போன இடத்தில் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டான். வீட்டில் அவள் பாதித் தமிழில் சமாளித்துவிடுவாள். அவள் அம்மாவிடம்தான் எங்களால் வீடியோவில் இளிக்க மட்டுமே முடிந்தது. எனக்கு அது மானக்கேடாக இருந்தது. இந்தோனேசிய மொழிக்கு ஆரம்பப் பாடப் புத்தகம் ஒன்று வாங்கினேன். பஸ் டெப்போவில் ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்டர் என்னுடையது. ஆள் வராத நேரத்தில் பழைய சீட்டுகளின் பின்பக்கம் எழுதிப் பழகுவேன்.

மொழி லேசுதான். 'சாயா மாக்கான் நாசி' என்றால் நான் சோறு சாப்பிடுகிறேன். நமக்குக் கடைசியில் வரும் வினைச்சொல் அங்கே நடுவில் உட்கார்ந்துகொள்ளும். நேற்றுச் சாப்பிட்டாலும் நாளைக்குச் சாப்பிட்டாலும் அதே மாக்கான். இது மட்டும் முதலில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"பேரப்புள்ள பொறந்ததும் நீங்கதான் சம்பந்தியம்மாவுக்குச் சொல்லணும், வாத்தியாரே" என்று மனைவி கிண்டலடித்தாள்.

இன்று மத்தியானம் குழந்தை பிறந்தது. தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை என்று ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். மகன் நடுக்கடலில், போன் கிடைக்கவில்லை. என் கையில் இருந்த மருமகளின் போன் அடித்தது. அவள் அம்மா. இரண்டு முறை அடித்து ஓயவிட்டேன்.

"சொல்லிடுங்க. பெத்தவங்க இல்லையா" என்றாள் மனைவி.

சீட்டில் எழுதி, வாய்க்குள் சொல்லிப் பார்த்து, மூன்றாம் முறை எடுத்து அவர் மொழியிலேயே சொன்னேன். உங்கள் மகள் மருத்துவமனையில் இருக்கிறாள். டாக்டர் ஆபரேஷன் செய்கிறார். ஒரு சொல் பிசகவில்லை. அங்கேதான் காரியம் கெட்டது. மொழி தெரிந்தவன் என்று நம்பி அந்த அம்மா மடமடவென்று கேட்கத் தொடங்கினார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கொஞ்சம் உளறியிருந்தாலாவது பார்த்துப் பேசியிருப்பார். என் மேலேயே எரிச்சலாக வந்தது.

"பெலான், பெலான்" என்று கெஞ்சினேன். மெதுவாக என்று அர்த்தம்.

அவர் அழுகையை அடக்கிக்கொண்டு மூன்றே சொற்களில் கேட்டார்.

"அனாக் சாயா ஹிடுப்?"

என் பிள்ளை உயிரோடு இருக்கிறாளா. முழுசாகப் புரிந்தது. தியேட்டர் கதவைப் பார்த்தேன். இரண்டு மணி நேரமாக யாரும் வெளியே வந்து எங்களிடம் எதுவும் சொல்லவில்லை.

"சாயா திடாக் தாஹு" என்றேன். எனக்குத் தெரியாது.

கேள்விதான் எனக்குப் புரியவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். அதே மூன்று சொற்களை, இன்னும் மெதுவாக, ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்டார்.