உள்ளே நான்கு குறுக்குக்கட்டைகள்

அலமாரி செய்கிறவன் நான். என் அலமாரிமேல் ஏறி நின்று மின்விசிறி துடைத்தவர்கள் உண்டு, விழுந்தவர்கள் இல்லை. ஆடுகிற சாமான் எதைக் கண்டாலும் எனக்குக் கை பரபரக்கும். அதற்காகவே சட்டைப்பையில் நாலைந்து ஆப்புகள் வைத்திருப்பேன். விருந்துக்குப் போன வீட்டில்கூட மேசைக்கு அடியில் தவழ்ந்திருக்கிறேன். அந்த வீட்டுப் பக்கம் என் மனைவி இப்போது தலைகாட்டுவதில்லை.

என் தங்கை வாசிப்பது டபுள் பேஸ். ஆள் உயரத்துக்கு நிற்கும், வயலினுக்குப் பெரியப்பா. வெள்ளிக்கிழமை அவளுக்கு இசைக்குழுவில் ஆள் எடுக்கும் தேர்வு. ஏற்கெனவே இரண்டு தடவை கோட்டை விட்டவள். மூன்றுக்கு மேல் விடமாட்டார்கள். இந்த நேரம் பார்த்து வாத்தியத்தின் மேல்பலகை உள்வாங்கிவிட்டது. அடியில் அதைத் தாங்கும் நீளக்கட்டையில் விரிசல். பழுது பார்ப்பவரோ ஒரு மாதம் ஆகும் என்று கையை விரித்துவிட்டார்.

"அண்ணா, அந்த ஒரு கட்டைய மட்டும் மாத்திக் குடு. வேற எதையும் தொடாத."

தொடாமல் இருப்பதா? பலகையைக் கழற்றிப் பார்த்தேன். அவ்வளவு பெரிய பலகை, மேலே நாலு தடித்த கம்பிகளின் அழுத்தம், தாங்க ஒற்றைக் கட்டை. எவனோ சோம்பேறி செய்த வேலை. புதுக்கட்டையை ஒட்டினேன், கையோடு கையாக நான்கு குறுக்குக்கட்டைகளையும் வைத்து இறுக்கினேன். திங்கட்கிழமை அவள் வந்தபோது, வாத்தியத்தைப் படுக்கவைத்து அதன்மேல் உட்கார்ந்து காட்டினேன்.

அவள் முகம் வெளிறியது. என்னைத் தள்ளிவிட்டு, வாத்தியத்தை நிமிர்த்தி வில்லை இழுத்தாள். பூட்டிய அலமாரிக்குள் யாரோ இருமுவது போல ஒரு சத்தம்.

"உள்ள என்ன பண்ணி வெச்ச?"

"இனி நூறு வருஷத்துக்கு அசையாது."

"அசையணும்டா! அந்தப் பலகை அசைஞ்சாதான் சத்தமே வரும்!"

கோபம் தலைக்கேறினால்தான் என்னை 'டா' போடுவாள். கத்திவிட்டு அழுதாள். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

திரும்பத் திறந்தேன். என் பசை லேசில் விடுமா? நான்கையும் உளியால் செதுக்கி எடுக்க ஒரு பகல் முழுக்கப் போனது. மறுநாள் நீளக்கட்டையையும் இழைக்கச் சொன்னாள். நான் ஒரு சீவு சீவுவேன். அவள் பலகையை விரலால் தட்டிக் கேட்பாள்.

"இன்னும்."

"உடைஞ்சிரும்மா."

"இன்னும்."

ஒவ்வொரு சீவலுக்கும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

வெள்ளிக்கிழமை அவள் அரங்குக்குள் போனாள். நான் வெளியே பெஞ்சில். கனமான கதவு, அருமையான வேலை. செய்தவன் நாசமாய்ப் போக, ஒரு பொட்டுச் சத்தம் வெளியே வரவில்லை. காதை ஒட்டிப் பார்த்தேன். காவலாளி முறைத்தார். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் பெஞ்சு நடுங்கியது. ஒரு கால் தரையில் சரியாகப் படவில்லை. ஆப்பை எடுத்துக் குனிந்தும்விட்டேன். நடுக்கம் நின்றது. மறுபடி தொடங்கியது, தரை வழியாக ஏறி, நீளமாக, என் முட்டிவரை வந்தது.

என் தங்கை வாசிக்கிறாள்.

ஆப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். காவலாளி பார்க்கிறாரே என்றுகூட இல்லாமல் அழுதேன்.

கதவு திறந்தது. "எடுத்துட்டாங்க அண்ணா! உனக்குக் கேட்டுச்சா?"

"ஒரு மண்ணும் கேக்கல," என்றேன். "ஆனா இந்த பெஞ்சு எவ்வளவு நல்லா ஆடுது தெரியுமா!"