கீறல் விழாத போன்

என் அக்கா புருஷன் போன் கடை வைத்திருக்கிறார். புதுப் போனுக்கு டெம்பர் கிளாஸ் ஒட்டாமல் ஒருவரையும் கடைப்படி இறங்க விடமாட்டார். "உடைஞ்ச பிறகு வந்து அழாதீங்க" என்று சொல்லி ஒட்டிவிட்டுத்தான் மறுவேலை.

அதே மனிதர்தான் மகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போட விடவில்லை. "நல்லா இருக்கிற புள்ளைக்கு எதுக்கு ஊசி?" வீடு தேடி வந்த நர்ஸம்மாவுக்கே, வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைக் காட்டிப் பாடம் எடுத்தார். ஊசி போட்டால் மூளை மழுங்கிவிடுமாம். வீடியோவில் பேசுகிறவர் யாரென்று கேட்டேன். "யாரோ பெரிய ஆளுடா, கோட்டெல்லாம் போட்டிருக்கார்" என்றார்.

அம்மை வந்தது. நுரையீரல்வரை போனது. நாலு வயதுப் பிள்ளையை வாரிக் கொடுத்துவிட்டோம்.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் மகளின் படத்தைக் காட்டப் போனை எடுத்தார். போன் கை நழுவிச் சிமென்ட் தரையில் விழுந்தது. எல்லோரும் பதறினோம். பழக்கதோஷத்தில் அவரே சொன்னார்: "பயப்படாதீங்க, கிளாஸ் போட்டிருக்கு. ஒண்ணும் ஆகாது."

அக்கா போனை எடுத்து முந்தானையால் துடைத்தாள். கண்ணாடிக்குப் பின்னால் பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தது, ஒரு கீறல்கூட இல்லாமல்.