வண்டிக்கு வந்த வியாதிகள்

வில்லியனூரில் பழைய வேன் வைத்திருப்பவர்களில் ஜெஸிமாவைப் போலக் கொடுத்து வைத்தவர் யாரும் இல்லை. அவள் வண்டி ஒரு நாளும் வழியில் நின்றதில்லை. கணவன் மாலிக், கத்தாருக்கு டிரைவர் வேலைக்குப் போகும் முன் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த வண்டி அது. அதில்தான் நைட்டி, பாவாடை ஏற்றிக்கொண்டு திருக்கனூர் வரை போய் விற்றுவருகிறாள்.

கோளாறெல்லாம் புருஷனிடம்தான். போன் செய்தால், "நல்லா இருக்கியா? புள்ள இஸ்கூல் போவுதா? சரி, வச்சிடறேன்" என்பான். ஒருமுறை வேனின் பக்கக் கதவு இறுகிக்கொண்டதைச் சொன்னாள். மனுஷன் அரை மணி நேரம் பேசினான். எங்கே எண்ணெய் விடணும், எப்படித் தட்டணும், கை நசுங்கிடப் போவுது, பாத்து. அந்தக் கடைசி வார்த்தையை வைத்துக்கொண்டே அவள் ஒரு வாரத்தை ஓட்டினாள்.

அப்புறம் வண்டிக்கு வியாதி வராத வாரமே இல்லை. ஸ்டாண்டில் மற்ற வேன்காரர்கள் புலம்புவதைக் கேட்டுவந்து அப்படியே ஒப்பித்தாள். ரேடியேட்டர் கொதிக்கிறது, மூன்றாவது கியர் விழவில்லை, கிளட்ச் வழுக்குகிறது. "போனை இன்ஜின்கிட்ட வை" என்று அவன் சொன்னால், அதே ஸ்டாண்டில் நிற்கும் அய்யனார் அண்ணனின் ஓட்டை வேனிடம் கொண்டுபோய் நீட்டுவாள். அது இருமுவதை மாலிக் பொறுமையாகக் கேட்பான். மகராசன், பெண்டாட்டியின் பெருமூச்சு மட்டும் அவன் காதில் விழுந்ததில்லை. "வந்து ஒரு தடவ பாருங்க மச்சான்" என்று ஒவ்வொரு முறையும் முடிப்பாள். இத்தனை பொய்யும் அதற்குத்தான்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். பெருநாள் நெருங்கியபோது கூப்பிட்டான்.

"ஜெஸிமா, நான் இப்ப வர்ல. இன்னும் ரெண்டு வருஷத்துக்கு கையெழுத்து போட்டுட்டேன்."

"இன்னாத்துக்கு?"

"அந்த வண்டிய நம்பி நீ தனியா ரோட்டுல போறத நெனச்சா எனக்கு சோறு எறங்கல. புதுசு வாங்க சம்பாரிச்சிகினுதான் வூட்டுக்கு வருவேன்."

தவளை தன் வாயால் கெட்ட கதைதான். ஜெஸிமா அவசரமாக உண்மையை உடைத்தாள்.

"வண்டி நல்லாதான் ஓடுது மச்சான். ஒரு கம்ப்ளைன்ட்டும் இல்ல. நீங்க பேசணும்னுதான் அப்புடிச் சொன்னேன்."

அவன் சிரித்தான். "நான் கவலப்படுவேன்னு மூடி மறைக்காத. என் காதால கேட்டவன் நானு."

"வண்டியே வேணாம். நீங்க வந்தா போதும்" என்றாள். அழுதுவிட்டாள்.

மாலிக்கின் குரலும் கரைந்தது.

"அழுவாத" என்றான். "ஏசி வச்ச வண்டியாவே பாக்குறேன்."