ஐம்பத்தைந்து இன்ச் மாமன் சீர்

டி.வி.யை வாங்கும்போது கொளஞ்சியப்பன் போட்ட ஒரே நிபந்தனை, பெட்டியைப் பிரிக்கக் கூடாது என்பதுதான்.

"ஒரு தடவ போட்டுக் காட்டிட்டுக் குடுக்குறோம் சார். அதான் முறை," என்றார் கடையில் இருந்தவர்.

"வேணாங்க. சீருக்குப் போற சாமான். பிரிச்ச பொட்டியப் பாத்தா பழசான்னு கேப்பாங்க."

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் இருந்த அந்தக் கடை, ஆடித் தள்ளுபடிக்காக வாசல் முழுவதும் மஞ்சள் துணி கட்டியிருந்தது. டி.வி.யின் கம்பெனிப் பெயரை அவன் அதுவரை கேள்விப்பட்டதில்லை. ஆனால் ஐம்பத்தைந்து இன்ச். நாலு பேருக்குத் தெரிந்த கம்பெனியில் அதே விலைக்கு நாற்பத்து மூன்று இன்ச்தான் கிடைத்தது. மனைவி ஆதிலட்சுமி அதன் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"சின்னதா இருந்தாலும் நல்லதா வாங்கலாங்க."

"அங்க இன்ச்சத்தான் பாப்பாங்க. கம்பெனிய எவன் பாக்கப் போறான்?"

அவன் சொன்னதில் தப்பில்லை. தங்கை சிவசங்கரியைப் பெண்ணாடத்தில் கொடுத்திருந்தான். மாப்பிள்ளை வளவன் சொந்த டிராக்டரில் கரும்பு லோடு அடிப்பவன். அதே வீட்டின் இன்னொரு பாதியில் வளவனின் அண்ணன் குடும்பம். அண்ணி கனிமொழியின் பிள்ளைக்குக் காது குத்தியபோது, சிங்கப்பூரிலிருந்து வந்த அவள் தம்பி நாற்பத்து மூன்று இன்ச் டி.வி.யைத் தாய்மாமன் சீராக இறக்கினான். அன்றிலிருந்து சங்கரி சீரியல் பார்க்க வேண்டுமென்றால் கனிமொழியின் அறை வாசற்படியில் போய் உட்கார வேண்டும். பாதியில் கனிமொழி எழுந்து, "கரண்டு பில்லு ஏறுது சங்கரி," என்று அணைத்துவிடுவாளாம். சங்கரி இதைப் போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள். கொளஞ்சிக்குச் சிரிப்பு வரவில்லை. தன் மகள் யாழினிக்கு ஆவணியில் காது குத்து என்று அவள் சொன்ன அன்றே மனதுக்குள் அளவை முடிவு செய்துவிட்டான்.

"பெண்ணாடத்துக்கு எங்க வண்டியே வரும் சார். நிக்க வச்சே கொண்டாந்து, மாட்டியும் குடுத்துடுவோம். எல்லாம் ஃப்ரீ," என்றார் கடைக்காரர்.

"கடை வண்டியில வந்து எறங்குனா அது சீரா? நாங்க மேளத்தோட எடுத்துட்டுப் போவணும். மாட்டுறதுக்கு மட்டும் அன்னிக்கு ஆள அனுப்புங்க."

"அப்ப ஏத்தி எறக்கும்போது பாத்து சார். கண்ணாடி."

கொளஞ்சி சிரித்தான். பீங்கான் கம்பெனியில் பேக்கிங் பிரிவே அவன் பொறுப்பில்தான் இருந்தது. கை கழுவும் தொட்டி, கழிவறைக் கோப்பை, ஆளுயரப் பொம்மை என்று எதைக் கொடுத்தாலும் வைக்கோல் சுற்றிக் கட்டி லாரியில் ஏற்றுவான். அவன் கட்டியது வழியில் உடைந்து திரும்பி வந்ததாகப் பேச்சே கிடையாது. அவன் தொழிலின் சூத்திரம் ஒன்றுதான்: நிற்கிற பொருள் ஆடும், ஆடினால் விழும், படுத்துக் கிடக்கிற பொருள் எங்கே விழப்போகிறது?

பெட்டி ஆடி முழுவதும் அவன் வீட்டுக் கட்டிலின் மேல் கிடந்தது. ஆதிலட்சுமி அதன் மேல் ஒரு பழைய புடவையைப் போர்த்தி வைத்திருந்தாள்.

காது குத்தன்று காலை குட்டியானை வண்டி வந்து நின்றது. கம்பெனியிலிருந்து வாங்கி வந்த வைக்கோலைக் கொளஞ்சி வண்டியில் மெத்தைபோலப் பரப்பினான். பெட்டியை அதன் மேல் படுக்க வைத்து, ஓரங்களில் வைக்கோலைத் திணித்து, குறுக்காகக் கயிறு போட்டு இறுக்கினான்.

வண்டிக்காரன் பெட்டியைச் சுற்றி வந்தான். "அம்புக்குறி மேல பாத்துப் போட்டுருக்குது ண்ணா. நிக்க வைக்கணும்போல."

"அந்த அம்புக்குறியத் தெனம் ஒட்டுறவனே நான்தான்டா. ஒரு பய அதப் பாத்து ஏத்துனதில்ல. ஏதாச்சும் ஒடைஞ்சிருக்குதா? நீ வண்டிய எடு."

மற்றவர்கள் வேனில் வர, அவன் மட்டும் டி.வி.யோடு பின்னால் உட்கார்ந்துகொண்டான். பெண்ணாடம் சாலையில் கரும்பு டிராக்டர்கள் உருவாக்கி வைத்திருந்த பள்ளங்கள் ஒவ்வொன்றிலும் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டான். அசையவே இல்லை. அவனுக்குத் திருப்தியாக இருந்தது.

தெருமுனையில் இறங்கினார்கள். மேளம் தொடங்கியது. பழத்தட்டு, பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு, இனிப்பு என்று பெண்கள் வரிசையாக நடக்க, கடைசியில் கொளஞ்சியின் சித்தப்பா மாணிக்கவேலின் மகன்கள் இருவர் பெட்டியைத் தலையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். பெட்டியின் மேல் எழுதியிருந்த '55' தெருவுக்கே தெரிந்தது. சின்னப் பிள்ளைகள் அதைச் சத்தமாகப் படித்தார்கள். வாசலில் ஆரத்தியோடு நின்ற சங்கரி, தட்டைக் கனிமொழியின் கையில் கொடுத்துவிட்டுப் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

"ஏன் தம்பி, இம்மாம் பெருசா? செவுரு தாங்குமா?" என்றாள் சங்கரியின் மாமியார் விருத்தாம்பாள். அவள் குரலில் குத்தல் இல்லை. உண்மையாகவே பூரித்துப்போயிருந்தாள்.

"தாங்கும் அத்தே. எங்க பாப்பா நல்லா பாக்கட்டும்."

ஆசாரி ஊசியை எடுத்தபோது யாழினி கொளஞ்சியின் மடியில் இருந்தாள். அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு வீறிட்டாள். அவள் வாயில் சர்க்கரையைப் போட்டு, தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்தபோது, அந்த வீட்டில் தனக்கு ஒரு இடம் வந்துவிட்டதாகக் கொளஞ்சிக்குத் தோன்றியது.

டி.வி. மாட்டுவதற்கு மங்கலம்பேட்டையிலிருந்து அஷ்ஃபாக் என்ற இளைஞன் பைக்கில் வந்திருந்தான். பந்தி தொடங்குவதற்கு முன்பே போட்டுப் பார்த்துவிடலாம் என்றான் வளவன். கூடத்தில் கூட்டம் சேர்ந்தது. அஷ்ஃபாக் பெட்டியைப் பிரித்து, டி.வி.யைக் கட்டிலின் மேல் சுவரில் சாய்த்து வைத்து, வயரைச் சொருகினான்.

"பாய், கிரிக்கெட்டு போடுங்க," என்றான் ஒருவன்.

"மொதல்ல சாமிப் பாட்டு போடுப்பா," என்றாள் விருத்தாம்பாள்.

ரிமோட்டை அழுத்தியதும் கம்பெனியின் பெயர் வந்தது. அதன் பாதிதான் வந்தது. இடது பக்கக் கீழ்மூலையில் மையைக் கொட்டியது போலக் கருப்பு. அங்கிருந்து பச்சையும் ஊதாவுமாகக் கோடுகள் மேலே விரிந்து போயின. சத்தம் மட்டும் கூடம் முழுக்கக் கணீரென்று கேட்டது.



"இது டிசைனா?" என்று எவனோ கேட்க, பின்னால் சிலர் சிரித்தார்கள்.

அஷ்ஃபாக் அணைத்துவிட்டு மறுபடி போட்டான். வயரைக் கழற்றிச் சொருகினான். செல்போன் விளக்கைத் திரைமேல் அடித்து, மூலையில் விரலை ஓட்டினான். பிறகு குனிந்தபடியே கொளஞ்சியிடம் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"ண்ணா, படுக்க வச்சா எடுத்தாந்தீங்க?"

"ஆமா பாய். வைக்கோல் மேலதான். அசையவே இல்லியே."

"நிக்க வச்சா எடைய ஃபிரேமு தாங்கிக்கும். படுக்க வச்சா நடுவுல கண்ணாடி தொங்கும்ண்ணா. கயிறு வேற கட்டுனீங்களா?"

கொளஞ்சி தன் வலது உள்ளங்கையைப் பார்த்தான். வழியெல்லாம் அழுத்திக்கொண்டு வந்த கை.

வாசலுக்குப் போய்க் கடைக்குப் போன் செய்தான். அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். உள்ளே பாகம் கெட்டிருந்தால் வாரன்டி உண்டு, விரிசலுக்குக் கிடையாது. திரை மட்டும் மாற்றலாம் சார், ஆனா அதுக்குப் புதுசே வாங்கிடலாம். அன்னிக்கே போட்டுக் காட்டுறோம்னு சொன்னோமே சார். கொளஞ்சி போனைக் காதிலிருந்து எடுத்த பிறகும் அங்கேயே நின்றான். உள்ளே பேச்சு தொடங்கிவிட்டிருந்தது.

"ஆஃபர்ல குடுக்குறானே, சும்மாவா குடுப்பான்? ஒடைஞ்சதத்தான் தள்ளி வுடுவான்."

"இவுருக்குத் தெரியாமலா இருக்கும்?" இது கனிமொழியின் குரல். "பொட்டிய பிரிக்காதேன்னு சொல்லி வாங்குனாராமே. எங்க தம்பி கடையிலயே ஒரு மணி நேரம் போட்டுப் பாத்துதான் எடுத்தாந்தான்."

கொளஞ்சி உள்ளே வந்தான். கடையில் பேசிவிட்டதாகவும், மாற்றிக் கொடுத்துவிடுவார்கள் என்றும் சொன்னான். பொய் இவ்வளவு சரளமாக வரும் என்று அவனே எதிர்பார்க்கவில்லை. "வண்டி இங்கதான் நிக்குது மாப்ள. இப்பவே ஏத்திட்டுப் போறேன். ரெண்டு நாள்ல புதுசு வந்துடும்." புதுசுக்கு என்ன வழி என்று அவனுக்குத் தெரியாது. முதலில் அந்தக் கருப்பு மூலை அந்தக் கூடத்தை விட்டுப் போனால் போதும்.

விருத்தாம்பாள் பதறிப்போய்க் குறுக்கே வந்தாள். "ஐயையோ, என்னா தம்பி பேசுறீங்க? மேளத்தோட, ஆரத்தி எடுத்து உள்ள வந்த சீரு. புள்ளைக்குக் காது குத்துன அன்னிக்கே வாசப்படி தாண்டி வெளிய போவலாமா? அதுக்கு நல்லதில்ல."

"ஒடைஞ்சது அத்தே..."

"ஒடைஞ்சது ஒடைஞ்சதாவே இருக்கட்டும். மாமன் குடுத்தது. புதுசு வந்தா அது பாட்டுக்கு வரட்டும்." அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "மனசு சங்கடப்படாதீங்க தம்பி. நாங்க ஒண்ணும் நெனைக்கல."

அவள் கோபப்பட்டிருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம். அவன் சங்கரியைப் பார்த்தான். சங்கரி அவனை அடுப்படிப் பக்கம் அழைத்துப் போனாள்.

"மாட்டட்டும்ண்ணா."

"பைத்தியமா நீ? தெனம் அது மூஞ்சிலதான முழிக்கணும்?"

"இப்ப தூக்கிட்டுப் போனீன்னா, அண்ணன் போட்ட சீர அண்ணனே எடுத்துட்டுப் போயிட்டான்னு தெருவே பேசும். அதுக்கு இது எவ்வளவோ தேவல."

"சங்கரி, கடைக்காரன் மேல தப்பில்ல. நான்தான் படுக்க வச்சி எடுத்தாந்துட்டேன். நான் போய்ச் சொல்லிடுறேன்."

அவள் சட்டென்று திரும்பி அடுப்படி வாசலைப் பார்த்தாள். யாரும் இல்லை.

"சொல்லாத. கடைக்காரன் ஏமாத்திட்டான்னு இருந்தா எல்லாரும் உன்மேல எரக்கப்படுவாங்க. நீயே ஒடச்சி எடுத்தாந்தேன்னா அவங்களுக்கு வருஷத்துக்கும் அதான் பேச்சு. நான்தான இங்க இருக்கணும்ண்ணா."

கொளஞ்சி கூடத்துக்குத் திரும்பி, "மாட்டுங்க பாய்," என்றான்.

அஷ்ஃபாக் சுவரில் துளை போட்டான். டி.வி.யைத் தூக்கி மாட்ட இன்னொரு ஆள் வேண்டும் என்றதும் கொளஞ்சியே போய் மறுமுனையைப் பிடித்தான். அவ்வளவு பெரிய பொருள் எடையே இல்லாமல் இருந்தது. மாட்டி முடித்ததும் விருத்தாம்பாள் அதற்கு மூன்று இடத்தில் சந்தனம் வைத்துப் பூச்சூட்டினாள். யாரோ பாட்டுச் சேனலைப் போட்டார்கள். ஆடுகிற பெண்ணுக்கு இடுப்புக்கு மேலே மட்டும் தெரிந்தது. சங்கரியின் தோளில் இருந்த யாழினி அதைப் பார்த்துக் கையைத் தட்டினாள்.

"படம் நல்லாத்தான் தெரியுது. அந்த ஓரம் மட்டும்தான்," என்றாள் ஆதிலட்சுமி, யாரும் கேட்காமலே.

பந்தி போட்டார்கள். கொளஞ்சிக்கு டி.வி.க்கு நேர் கீழே இலை போட்டிருந்தார்கள். மாமன் உட்கார வேண்டிய இடம் அது. பக்கத்தில் அஷ்ஃபாக்கையும் வற்புறுத்தி உட்கார வைத்தார்கள். எதிர் வரிசையில் சித்தப்பா மாணிக்கவேல். அவருக்கு முதல் வாய்ச் சோற்றுக்கே கோபம் ஏறியிருந்தது.

"யாரப் பாத்துடா தெரிஞ்சே வாங்கினான்னு பேசுறீங்க? எங்க கொளஞ்சி கையில பொருள் ஒடையுமா? அவன் கட்டி அனுப்புன பீங்கான் டில்லி வரிக்கும் போவுது. ஒரு கீறல் வுழுந்திருக்குமா? கேளுங்கடா அந்தக் கம்பெனியில."

"அதான மாமா நானும் சொல்றேன்," என்றான் வளவன், குழம்பை ஊற்றச் சொல்லிக் கையைக் காட்டியபடி. "மச்சானுக்குத் தெரியாத பேக்கிங்கா? கடையிலயே ஒடைஞ்சிருக்குது. மூடித் தள்ளி வுட்டுட்டான். இத சும்மா வுடக் கூடாது."

"வுடுறதா? நாளைக்குப் பத்து பேரு போறோம். கடை வாசல்ல உக்காந்துடுவோம். மாத்திக் குடுக்குறியா, கடைய மூடுறியான்னு கேட்டுடுவோம். கொளஞ்சி முன்னாடி நின்னு பேசட்டும்."

"வேணாம் சித்தப்பா," என்றான் கொளஞ்சி. "நானே பேசிக்கிறேன்."

"நீ பேசுனாக்க உன்ன மறுபடி ஏமாத்துவான். நீ சாது."

அஷ்ஃபாக் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். குனிந்தபடியே, பக்கத்தில் இருப்பவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான். "கடையில என்னத்தான் கூப்ட்டு விசாரிப்பாங்கண்ணா. பாத்தத நான் சொல்லித்தான் ஆவணும். என் வேலையே அதுதான்."

"தெரியும் பாய்."

"அதுக்கு முன்னாடி நீங்களே இவங்ககிட்ட சொல்லிடுங்களேன்."

கொளஞ்சி நிமிர்ந்தான். சாம்பார் வாளியோடு சங்கரி வரிசையில் வந்துகொண்டிருந்தாள். இரண்டு இலை தள்ளிக் கனிமொழி அப்பளம் வைத்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"என்னா பாய், அங்க என்ன ரகசியம்?" என்றார் மாணிக்கவேல். "நாளைக்கு நீங்களும் நம்ம பக்கம் ஒரு வார்த்த சொல்லணும். பொட்டிய பிரிச்சது நீங்கதான. கண்ணால பாத்த சாட்சி."

அஷ்ஃபாக் கொளஞ்சியின் முகத்தைப் பார்த்தான். சங்கரியும் வாளியைச் சாய்த்தபடி அவனைத்தான் பார்த்தாள். சாம்பார் இலையில் நிறைந்து ஓரத்துக்கு ஓடியது.

கொளஞ்சி வாயிலிருந்த சோற்றை விழுங்கினான்.

"எத்தினி மணிக்குப் போலாம் சித்தப்பா?" என்று கேட்டான்.